பக்கத்து வீட்டுக்காரரை வியக்க முடியுமா?



'வியப்பு ஓர் அறமா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பட்டிமன்றம் என்றால் இரண்டு அணியும் மோதிக்கொள்ளும், நடுவர் இரண்டு பக்கமும் சரிதான் என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விடுவார். என்னைத் தனியாக நிறுத்திவிட்டீர்கள். அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாத தூரத்தில் இருப்பவரை வியப்பதற்கு நமக்கு ஒரு காசு செலவில்லை. பக்கத்தில் இருப்பவரை வியப்பதுதான் கஷ்டம். அறம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2001ஆம் ஆண்டு டெல்லியில் நடந்த ஒரு விழா உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மதுரை மாவட்டம் அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து போயிருந்த சின்னப்பிள்ளை அம்மாவுக்கு ஸ்திரீ சக்தி விருது கொடுத்தார்கள். கொடுத்த பிரதமர் வாஜ்பாய், குனிந்து அந்த அம்மாவின் காலைத் தொட்டார். மறுநாள் நாடு முழுக்க அந்தப் படம்தான் பேச்சு. 'என்ன பணிவு, என்ன பெருந்தன்மை!' என்று பிரதமரைப் பாராட்டித் தீர்த்தோம்.

நான் கேட்கிறேன், அந்த அம்மா என்ன செய்தார் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? பள்ளிக்கூடம் போகாதவர். வயல் கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் போகிற பெண்களைத் திரட்டி, அவர்களுக்காக நிலக்காரர்களிடம் கூலி பேசியவர். களஞ்சியம் என்ற சிறுசேமிப்பு இயக்கத்தில் சேர்ந்து, கந்துவட்டிக்குக் கழுத்தைக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்களைச் சொந்தச் சேமிப்பிலிருந்தே கடன் வாங்கிக்கொள்ளப் பழக்கியவர். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. ஆனால் நாம் வியந்தது குனிந்தவரை. ஏன் குனிந்தார் என்பதற்கான காரணம் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது, அது நம் கண்ணில் படவில்லை.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் 1788இல் எழுதிய நூலில் இதை அழகாகப் பிடித்திருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் ஃபோந்தனெல், பெரிய மனிதர்கள் முன் தன் உடம்பு வளையுமே தவிர மனம் வளையாது என்று சொல்லியிருந்தார். காண்ட் அதோடு ஒன்று சேர்க்கிறார். என்னிடம் இல்லாத நேர்மை ஒரு சாதாரண மனிதனிடம் இருப்பதைக் கண்டால், நான் தலையை எவ்வளவு நிமிர்த்திக்கொண்டாலும் என் மனம் அவன் முன் வளைந்துவிடும் என்கிறார். கவனியுங்கள், இந்த வியப்பில் ஒரு சங்கடம் கலந்திருக்கிறது. அவனால் முடிந்தது உன்னால் ஏன் முடியவில்லை என்று அது கேட்கும். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும்போது இந்தக் கேள்வி வருமா? வராது. நாற்பதடி உயரத்தில் இருப்பவரைப் போல நாம் ஆக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஒருவரை ரொம்ப உயரத்தில் ஏற்றிவைப்பது, அவரைப் பின்பற்றாமல் தப்பித்துக்கொள்ள நல்ல வழி.

பக்கத்தில் இருப்பவரிடம் தப்பிக்க முடியாது. நம் வயது, நம் தெரு, நம் சம்பளம். அதே அலுவலகத்தில் ஒருவர் லஞ்சம் வாங்காமல் முப்பது வருடம் ஓட்டிவிட்டார் என்றால் நாம் என்ன சொல்கிறோம்? 'பிழைக்கத் தெரியாதவர்.' மாமியாரைப் பத்து வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்த மருமகளைப் பற்றி? 'சொத்து இருக்கும்ல!' வியக்க வேண்டிய இடத்தில் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். பொறாமை வருவது நமக்குச் சமமானவர்கள் மேல்தான் என்று அரிஸ்டாட்டில் அன்றே எழுதிவைத்தார். அவரே இன்னொன்றும் சொன்னார். அடுத்தவனிடம் இருக்கிறதே என்று வருந்தினால் பொறாமை. என்னிடம் இல்லையே என்று வருந்தினால், அது என்னை முயற்சி செய்ய வைக்கும். நல்லவர்களுக்கு வரும் வருத்தம் அது. வலி என்னவோ இரண்டிலும் உண்டு.

இனி நம்ம ஊர் ஆசானிடம் வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் சொல்கிறார். வியப்பாகிய மருட்கைக்கு அவர் சொல்லும் நான்கில் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு. மிகச் சிறியதைப் பார்த்தும் மனம் வியக்கும் என்று அறிந்தவர். பெருமிதத்துக்குக் காரணங்களாகக் கல்வி, வீரம், புகழ், கொடை என்று வைத்தார். செல்வத்தை எங்கே வைத்தார் தெரியுமா? உவகையில். பணம் வந்தால் சந்தோஷப்பட்டுக்கொள், தாராளமாக. அதை வைத்து நெஞ்சை நிமிர்த்தாதே என்று நான் அதற்குப் பொருள் எடுத்துக்கொள்கிறேன். உரைகாரர்கள் மன்னிப்பார்களாக.

நாடுகளின் செல்வத்தைப் பற்றி நூல் எழுதிய ஆடம் ஸ்மித்தும், செல்வத்தை வைத்து மனிதரை மதிக்கும் இந்தப் பழக்கத்தைக் கண்டு கலங்கினார். மனித உணர்வுகளின் அறம் பற்றி 1759இல் எழுதிய தன் முதல் நூலுக்கு, இறந்துபோன 1790ஆம் ஆண்டில் ஒரு புது அத்தியாயம் சேர்த்தார். பணக்காரரை வியப்பதும் ஏழையை இகழ்வதும் நம் அற உணர்வைக் கெடுக்கும் மிகப் பெரிய காரணம் என்பது அதன் சாரம். பொருளாதாரம் படித்தவர்கள் இந்த அத்தியாயத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கணியன் பூங்குன்றனாரை மட்டும் நாம் தாண்டிப் போகவில்லையா? புறநானூற்று 192ஆம் பாட்டின் முதல் அடியை ஐக்கிய நாடுகள் சபை வரை கொண்டுபோனோம். பாட்டின் முடிவில் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று அவர் சொல்வதைச் சௌகரியமாக விட்டுவிட்டோம். இரண்டையும் அவர் ஒன்றாகக் கட்டிவைத்தது சும்மா இல்லை. மேலே இருப்பவர் முன் காரணமில்லாமல் குழைகிறவன், வீட்டுக்கு வந்து வேலைக்காரம்மாவிடம் குரலை உயர்த்துவான். பார்த்திருப்பீர்கள்.

இந்த மேடையிலேயே சற்றுமுன் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். போர்த்தியவருக்கு நான் எழுதிய ஒரு வரிகூடத் தெரியாது, கேட்டுப் பார்த்துவிட்டேன். (சிரிக்கிறீர்கள், அவரும் சிரிக்கிறார், நல்லது.) காரணம் சொல்லாத புகழ்ச்சி யாருக்கும் பயன்படாது. கேட்கிறவருக்குக் கூச்சம், சொல்கிறவருக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில், ஏன், உங்கள் வீட்டிலேயே, உங்களைவிட ஏதோ ஒன்றில் உயர்ந்து நிற்கிற ஒருவர் இருக்கிறார். யாரென்று உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் அவரிடம் நேரே போய், எதற்காக அவரை மதிக்கிறீர்கள் என்று காரணத்தோடு சொல்லுங்கள். மாலை வேண்டாம், சால்வை வேண்டாம். சொல்லிவிட்டு, அவர் செய்கிற அந்த ஒன்றை நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள்.