முழம், லிங்க், ஏர்: மலை நிலத்தில் அளவு தவறலாமா?



கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடவு நடந்துகொண்டிருந்தது. "வரிசைக்கு வரிசை எவ்வளவு விடறீங்க?" என்று தோட்டத்துப் பெரியவரிடம் கேட்டேன். கையை நீட்டி ஒரு முழம் என்றார். "கிழங்குக்குக் கிழங்கு?" என்றேன். விரலை விரித்து, "ஒரு சாண் சார். எங்க அப்பா காலத்துக் கணக்கு" என்றார்.

முழம் என்பது 18 அங்குலம், சாண் 9 அங்குலம். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். அப்படியானால் முழம் 45.7 சென்டிமீட்டர், சாண் 22.9 சென்டிமீட்டர். உருளைக்கு நாங்கள் சொல்லும் இடைவெளி 45-க்கு 20. ஆக, பெரியவரின் முழம் சரி. சாண்தான் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் கூடுதல்.

"மூணு சென்டிமீட்டர்தானே, அதுல என்ன போச்சு?" என்பீர்கள். ஒரு சென்ட் நிலம் 40.47 சதுர மீட்டர். 45-க்கு 20 என்று நட்டால் சென்டுக்கு 450 செடி நிற்கும். முழத்துக்கும் சாணுக்கும் நட்டால் 387 செடிதான். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஆறாயிரம் செடிக்கு மேல் குறைகிறது. இன்னொன்று, நடவுக்கு நாலு பேர் வந்தால் நாலு விதமான சாண் இருக்கும்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நேரான மூங்கில் குச்சி ஒன்றை எடுத்து, டேப் வைத்து 20-லும் 45-லும் வெட்டுக்குறி போடுங்கள். நடுகிறவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு குச்சி இருக்கட்டும்.

அடுத்து எல்லை அளவு. பழைய பத்திரங்களிலும் வரைபடங்களிலும் லிங்க் கணக்கு இருக்கும். அந்தக் காலத்து அளவுச் சங்கிலி 66 அடி நீளம். அதில் 100 லிங்க். ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர். 250 லிங்க் என்று எழுதியிருந்தால் 50.3 மீட்டர். அதை 250 அடி என்று எடுத்துக்கொண்டால் 76 மீட்டர் வரும். பக்கத்துக் காட்டுக்குள்ளே போய் நிற்பீர்கள்!

மலையில் அளக்கும்போது டேப்பைச் சரிவோடு படுக்க வைக்காதீர்கள். நில அளவையில் மட்டமான தூரம்தான் கணக்கு. சரிவோடு 10 மீட்டர் இழுத்து, மேல்முனை 3 மீட்டர் உயரத்தில் இருந்தால், மட்டத் தூரம் 9.54 மீட்டர்தான். கீழே நிற்பவர் டேப்பை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டுத் தரையில் முளை அடிக்க வேண்டும். சரிவு அதிகமென்றால் சின்னச் சின்னத் துண்டாக அளந்து கூட்டுங்கள்.

கடைசியாக, பட்டா. மெட்ரிக் அளவுக்கு நம் நாட்டில் 1956-லேயே சட்டம் வந்துவிட்டது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கிறது. நாமோ வாயில் ஏக்கர், சென்ட் என்கிறோம். பட்டாவில் 0-40.50 என்று இருந்தால் அது நாற்பதரை சென்ட் அல்ல, நாற்பதரை ஏர். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். பெருக்கிப் பாருங்கள், முழுசாக ஒரு ஏக்கர்! நாற்பது சென்ட் என்று நினைத்து விலை பேசினால், அறுபது சென்டை இனாமாகக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

ஆகவே விவசாயப் பெருமக்களே, இந்த நான்கு கணக்கையும் பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வாங்கி, வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்:

ஓர் அடி 30.48 சென்டிமீட்டர்.
ஒரு லிங்க் 20.12 சென்டிமீட்டர்.
ஓர் ஏர் 2.47 சென்ட்.
ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர்.

எண்ணை மட்டும் பார்க்காமல், அது எந்த அளவில் எழுதிய எண் என்று கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் வந்தால் வேளாண்மை அலுவலரையோ, கிராம நிர்வாக அலுவலரையோ கேட்கத் தயங்க வேண்டாம்.