டேங்கில் பெட்ரோல் இருக்கிறது, இன்ஜினுக்குப் போகவில்லை
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் அல்ல. பி.காம். படித்து, 33 வருடம் வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காரைப் பற்றி இவர் என்ன பேசப் போகிறார் என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். சென்ற ஐப்பசி மழையின்போது என் கார் எனக்கு நடத்திய பாடத்தைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். அதில் நம் எல்லோருக்கும் சம்பந்தமான விஷயம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விடியற்காலை நாலரை மணி. எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போய் அக்காவை அழைத்து வர வேண்டும். கார் இரண்டு மாதமாக பேஸ்மென்ட்டில் அசையாமல் நின்றிருந்தது. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடியும் மறுபடியும் முயன்றதில் பத்து நிமிடத்தில் பேட்டரியும் படுத்துவிட்டது. ஒரு கோளாறாக இருந்தது இரண்டானது. அக்கா ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். வங்கியில் கணக்கு டேலி ஆகாவிட்டால் எடுத்த எடுப்பில் எல்லா லெட்ஜரையும் புரட்ட மாட்டோம். முதலில் வித்தியாசத்தைப் பார்ப்போம். அது 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், 54 என்பதை யாரோ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம். 2-ஆல் வகுபட்டால், அதில் பாதித் தொகையைப் பற்று வைப்பதற்குப் பதில் வரவு வைத்திருக்கலாம். எங்கே தேடுவது என்று வித்தியாசமே சொல்லிவிடும். காரும் அப்படித்தான்.

பெட்ரோல் வரும் வழியைத் தெரிந்துகொள்வோம். இன்றைய பெட்ரோல் கார்களில் டேங்குக்குள்ளேயே ஒரு மின்சார பம்ப் மூழ்கி இருக்கிறது. அது பெட்ரோலை ஃபில்டர், பைப் வழியாக இன்ஜெக்டர்களுக்கு அனுப்புகிறது. பெரும்பாலான கார்களில் இந்த அழுத்தம் சுமார் 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. நம் டயரில் அடிக்கும் காற்றைவிட அதிகம். பம்புக்கு மின்சாரம் கொடுக்க ஒரு ஃபியூஸும் ஒரு ரிலேயும் இருக்கின்றன. இந்த வரிசையில் எங்கே தடை வந்தாலும் வண்டி நின்றுவிடும்.

இனி அறிகுறிகள்.

ஒன்று: செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவே இல்லை. ரேடியோவை நிறுத்திவிட்டு, சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பின் சீட்டின் பக்கம் இரண்டு மூன்று விநாடி மெல்லிய 'ம்ம்ம்' என்ற சத்தம் வரும். அதுதான் பம்ப். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, வயர், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். சத்தம் வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், மெக்கானிக் கேஜ் வைத்து அழுத்தத்தை அளக்க வேண்டும். ஸ்பார்க்கையும் பார்க்க வேண்டும். எல்லாப் பழியும் பெட்ரோல் மேல் வேண்டாம்.

இரண்டு: காலையில் முதல் தடவை மட்டும் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. சாவியை இரண்டு மூன்று தடவை 'ஆன்', 'ஆஃப்' செய்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே பிடித்தால், இரவில் பைப்பில் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். பம்பில் உள்ள வால்வோ, ஒழுகும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம்.

மூன்று: தெருவில் நன்றாக ஓடுகிறது, மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஃபில்டர் அடைப்போ, பம்பின் தளர்ச்சியோ இருக்கக்கூடும்.

நான்கு: நிற்கும்போது இன்ஜின் உதறுகிறது. இன்ஜெக்டரில் அழுக்காக இருக்கலாம், ஸ்பார்க் பிளக்காகவும் இருக்கலாம். மலிவானதை முதலில் பாருங்கள்.

நாமே செய்யக்கூடியவை சில உண்டு. எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். அதிக ஆம்பியர் போட்டால் வயர் எரியும். புதிதும் உடனே போய்விட்டால் வயரில் ஷார்ட் இருக்கிறது என்று பொருள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல கார்களில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே வகை. எண்ணைச் சரிபார்த்து மாற்றிப் போட்டால் ரிலே கெட்டதா என்று தெரிந்துவிடும். இதற்கு மேல், பெட்ரோல் பைப்பில் கை வைப்பது நம் வேலை அல்ல.

என் காரில் சத்தம் இல்லை. ஃபியூஸும் ரிலேயும் சரியாக இருந்தன. முதலில் வந்த மெக்கானிக் எதையும் அளக்காமலே, "பம்ப் போச்சு சார், செட்டோட மாத்தணும்" என்றார். இரண்டாவதாக வந்தவர் வோல்ட் மீட்டரை எடுத்தார். பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல் இருக்க, பம்ப் வரை வந்து சேர்ந்தது 5 வோல்ட்கூட இல்லை. நடுவில் ஒரு கனெக்டரில் பச்சைக் களிம்பு. அந்த ஒரு கனெக்டரை மாற்றியதும் 'ம்ம்ம்' வந்துவிட்டது. பம்ப் இன்றுவரை பழையதுதான்.

இப்போது கடைசி விஷயம். முதல் மெக்கானிக்கை பேஸ்மென்ட்டிலேயே வேலை செய்ய விட்டவன் நான்தான். அவர் காருக்கு அடியில் படுத்து பைப்பைக் கழற்றினார். ஒரு டம்ளர் பெட்ரோலாவது தரையில் கொட்டியது. பக்கத்தில் வயர் இழுத்துப் போட்ட விளக்கு. ஜம்ப் கேபிள் மாட்டத் தயாராக இன்னொரு பேட்டரி. காலை ஏழு மணி, எல்லோரும் வண்டி எடுக்கும் நேரம். நெடி மேலே வரை வந்ததும் நம் வாட்ச்மேன் ஓடிவந்து, "சார், யாரும் வண்டி ஸ்டார்ட் பண்ணாதீங்க, எந்த சுவிட்சையும் தொடாதீங்க" என்று சரிவுப் பாதையில் கையை விரித்து நின்றுவிட்டார். பிறகு மணலைக் கொண்டுவந்து கொட்டினார். அன்று அவருக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது. திறந்த வெளியில் கலைந்துவிடும். பேஸ்மென்ட்டில் தரையோடு பரவித் தேங்கும். அதற்கு ஒரு பொறி போதும். மேலே நம் எல்லோர் வீடுகளும் இருக்கின்றன.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள்கள் மூன்று. பெட்ரோல் பைப்பைத் திறக்கும் எந்த வேலையும் பேஸ்மென்ட்டில் கூடாது. காரை வெளியே தள்ளிய பிறகே தொட வேண்டும். வேலைக்கு முன் பைப்பின் அழுத்தத்தை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்ல வேண்டும். கீழே மணல் வாளிகளும் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானும் எப்போதும் இருக்க வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. டேங்கைக் கால் பங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பம்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காமல், வாரம் ஒரு முறை இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். பழைய கார் என்றால் ரப்பர் பைப்புகளைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இன்று இரவு வீட்டுக்குப் போகும் முன் உங்கள் காரின் சாவியை 'ஆன்' வரை திருப்பி, அந்த 'ம்ம்ம்' சத்தத்தை ஒரு தடவை கேட்டு வையுங்கள். நன்றாக இருக்கும்போது கேட்டிருந்தால்தான், இல்லாதபோது தெரியும்.