வால் கரையும் நாள்கள்

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் தொழிற்சாலைக்கோ விடுதிக்கோ போகிறவர்கள், மழை விட்டதும் புல்லோரக் குட்டையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கன்னங்கரேலென்று மிளகளவுத் தலையோடு நெளிபவை தேரையின் தலைப்பிரட்டைகள். பாசியைச் சுரண்டித் தின்னும் இவை, சில வாரங்களில் பூச்சி பிடிக்கும் தேரைகளாகிவிடும். செவுள் மறையும், நீண்ட குடல் சுருங்கும், கால் முளைக்கும், வால் கரையும்.

இதற்கெல்லாம் ஆணை தைராய்டு சுரப்பியிலிருந்து வருகிறது. 1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர், குதிரையின் தைராய்டைத் தலைப்பிரட்டைகளுக்குத் தீனியாகப் போட்டார். வளர்வதற்கு முன்பே அவை உருமாறி, மிகச் சின்னஞ்சிறு தவளைகளாயின. அந்தச் சுரப்பியை அகற்றிவிட்டாலோ, தலைப்பிரட்டை பெருத்துக்கொண்டே போகுமே தவிரத் தவளையாகாது.

எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. ஒரே ரத்தத்தில் ஒரே ஹார்மோன்தான் ஓடுகிறது. காலில் அது செல்களைப் பெருக்குகிறது. வாலில் அதே ஹார்மோன் செல்களைச் சாகடிக்கிறது. அதுவும் வரிசை தவறாமல்! கால் வருமுன் வால் போய்விட்டால் நீந்த வழியேது? சுரப்பி அனுப்புவது பெரும்பாலும் வீரியம் குறைந்த தைராக்சின். அதை டி3 என்ற வீரியமுள்ள வடிவமாக மாற்றும் நொதி காலில் முன்கூட்டியே வேலை செய்கிறது, வாலில் கடைசியில்தான் முழுவேகம் பிடிக்கிறது.

தைராய்டு தனியாக இதைச் செய்வதில்லை. குட்டை வற்றத் தொடங்கினால் மூளையிலிருந்து கிளம்பும் ஒரு சமிக்ஞை, தைராய்டையும் அட்ரீனல் திசுவையும் சேர்த்தே தூண்டுகிறது. அட்ரீனல் திசுவிலிருந்து வரும் கார்ட்டிகோஸ்டிரோன் தனியே நின்றால் வளர்ச்சியைக் குன்றச் செய்யும். தைராய்டோடு கைகோத்தால் அந்த நொதியைக் கூட்டி, உருமாற்றத்தை விரைவுபடுத்தும். குட்டி சிறுத்துத்தான் கரையேறும். ஆனாலும் உயிரோடு ஏறும்.

புரோலாக்டின் என்ற ஹார்மோன்தான் உருமாற்றத்துக்குத் தடை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆனால் 2000இல் வெளியான ஆய்வில், அதை மிகையாகச் சுரக்கவைத்த தலைப்பிரட்டைகளும் தவளையாயின. வால் மட்டும் கரையாமல் நின்றது.

நம் சதுப்புக் கரைகளில் நண்டு தின்னும் தவளை ஒன்று வாழ்கிறது. அதன் தலைப்பிரட்டை கடல்நீரின் உப்பையும் தாங்கும். மீன்களைப் போல மிகுதி உப்பை வெளியே தள்ளிவிடும். வளர்ந்த தவளையோ உடம்பில் யூரியாவைச் சேர்த்து வைத்து உப்பைச் சமாளிக்கிறது. உருமாற்றம் காலோடும் வாலோடும் நிற்காமல், உப்போடு வாழும் வழியையே மாற்றிவிடுகிறது.