தொட்டியும் குழாயும்
(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பாதிக்கத்தான் நம் முன்னோர் கப்பலேறி சிங்கப்பூருக்கு வந்தார்கள். சம்பாத்தியமும் செல்வமும் ஒன்றா? இல்லை என்கிறது பொருளியல்.

ஒரு பொருள் பயன் தர வேண்டும். தேவையைவிடக் குறைவாகக் கிடைக்க வேண்டும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாற வேண்டும். அதைத்தான் பொருளியலார் செல்வம் என்பார்கள். கடற்காற்று நமக்குப் பயன்படுகிறது. ஆனால் அதற்குத் தட்டுப்பாடில்லை. அதனால் அது செல்வமாகாது. தேக்காவில் உள்ள ஒரு கடைவீடு செல்வம். அதன் மாத வாடகை வருமானம். அடுக்குமாடிக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி செல்வம் என்றால், குழாயில் வருவது வருமானம். குழாயை மட்டும் பார்த்துக்கொண்டு தொட்டியை மறந்துவிடுகிறோம்.

நம் முன்னோர் மறக்கவில்லை. டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலே அதற்குச் சான்று. ஷேக் அப்துல் கஃபூர் பெருஞ்செல்வந்தர் அல்லர். வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தவர். அவரும் மற்ற பொறுப்பாளர்களும் 1887இல் பள்ளிவாசல் நிலத்தில் கடைவீடுகளையும் குதிரை லாயங்களையும் கட்டினார்கள். அவற்றின் வருமானத்தைக் கொண்டு 1907இல் புதிய பள்ளிவாசலின் கட்டுமானம் தொடங்கியது. இருபது ஆண்டுகள் பொறுத்திருந்தார்கள்! அந்தப் பள்ளிவாசல் 1979இல் தேசிய நினைவுச் சின்னமானது.

இதுதான் வக்ஃபின் பொருளியல். முதலை விற்பதில்லை, பங்கு போடுவதில்லை. அது தரும் பலனை மட்டும் அறப்பணிக்குச் செலவிடுகிறோம்.

தொட்டி என்பது கட்டடம் மட்டுமல்ல. 1776இல் 'நாடுகளின் செல்வம்' என்ற நூலை வெளியிட்ட ஆடம் ஸ்மித், மக்கள் கற்றுத் தேர்ந்த திறமைகளையும் நாட்டின் மூலதனத்தில் சேர்த்தார். கற்ற திறமையைப் பத்திரம் எழுதி யாருக்கும் மாற்றித் தர முடியாது. ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கற்றுத் தரலாம். கற்றுத் தந்தவருக்கும் அது குறையாது. பணமாற்றுக் கடைகளில் நம்மவர்கள் பெயர் பெற்றது கையில் இருந்த நோட்டுகளால் மட்டுமல்ல. விலை அறிவாலும் நாணயத்தாலும்தான். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் பொருள் வைத்த மொழி நம்முடையது.

ஐம்பது ஆண்டுகளில் நம் சங்கம் எவ்வளவோ திரட்டியது, எவ்வளவோ செலவிட்டது. விருந்துகள் வேண்டியவைதான். அடுத்த நாள் அவற்றில் மிஞ்சுவது என்ன? இந்தப் பொன்விழாவுக்குத் திரண்ட நிதியில் ஒரு பகுதியைத் தொடாத முதலாக ஒதுக்குவோம். அதை மார்க்கம் அனுமதிக்கும் வழியில் முதலீடு செய்து, வரும் பலனை நம் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்போம்.

நூற்றாண்டு விழா மேடையில் நம்மில் பலர் இருக்க மாட்டோம். அன்று நம் பேரப்பிள்ளைகள் குழாயைத் திறக்கும்போது தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும்.