அரட்டை அரங்கமும் நமது வீடுகளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சாகண் வாழ் தமிழன்பர்களே!

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, புகைவண்டி நிலையத்தில் சரக்குக் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம், பொறியாளர்களும் பட்டதாரிகளும் நிறைந்த இச்சபையில் பேச எழுந்தது துணிச்சலே. அத்துணிச்சலை நமக்கு ஊட்டியவர் ஒருவர் உண்டு. காலஞ்சென்ற விசு அவர்களே அவர்.

நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்தவர் அவர். 1986-இல் வெளிவந்து தேசிய விருது பெற்ற 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில், தந்தையும் மகனும் பிணங்கி வீட்டின் நடுவே கோடு கிழித்துக்கொள்ளும் காட்சியை மறந்தவர் இரார். குடும்பச் சச்சரவைக் கூடத்திற்குக் கொணர்ந்து, யாவரையும் வாய்விட்டுப் பேச வைப்பதே அவர் பாணி. அக்கூடத்தையே பின்னர் ஓர் ஊரளவு பெரிதாக்கி, சன் தொலைக்காட்சியில் 'அரட்டை அரங்கம்' என்று நடத்தினார்.

அதற்கு முன்னரும் பட்டிமன்றம் இருந்தது. கம்பனிலும் சிலம்பிலும் தோய்ந்த புலவர்கள் மேலே வாதாடுவர். நாம் கீழே அமர்ந்து கைதட்டுவோம். அரட்டை அரங்கத்திலோ, கீழே அமர்ந்திருந்தவர் கைக்கே ஒலிவாங்கி சென்றது. பள்ளிச் சிறுவன் பேசினான். அடுப்படியை விட்டு வந்த பெண்மணி பேசினார். ஓய்வுபெற்ற பெரியவர் தம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அவர்களுடைய தமிழ் புலவர் தமிழன்று. நம் வீட்டுத் தமிழ்.

எம் தாயார் எழுத்தறியாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்டை வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, "என்னை மாதிரி ஒருத்தி பேசுறாளே!" என்று வியப்பார். அந்நாட்களில் ஒருமுறை பங்கீட்டுக் கடையில் அரிசி எடை குறைந்தபோது, வாழ்நாளில் முதன்முறையாக, "திரும்ப நிறு" என்றார். நிகழ்ச்சியின் விளைவுதானா என்றால் நிரூபிக்க வழியில்லை. நாம் அப்படித்தான் நம்புகிறோம்.

குறையும் இருந்தது. அழுதால்தான் கைதட்டல் என்னும் வழக்கம் அங்கே வேர்விட்டது. சிறுவர்கள் மனப்பாடம் செய்து பெரியவர் குரலில் முழங்கியது நமக்கு என்றுமே பிடித்ததில்லை. விசு அவர்கள் பின்னர் ஜெயா தொலைக்காட்சியில் 'மக்கள் அரங்கம்' நடத்தி, 2020 மார்ச் 22-ஆம் நாள் மறைந்தார்.

இன்று நம் பிள்ளைகள் அறிந்தது, விஜய் தொலைக்காட்சியில் 2006-இல் தொடங்கிய 'நீயா நானா'. கோட்டு அணிந்து இரு வரிசைகளுக்கும் நடுவே நிற்கும் கோபிநாத் அவர்களைக் காணாத தமிழ் வீடு நம் காலனியில் இல்லை. மாமியார் ஒருபுறம், மருமகள் மறுபுறம் என்று உலகையே இரு வரிசையாய் அமர்த்துவது நமக்கு உடன்பாடன்று. வாழ்க்கையில் பாதிப்பேர் எந்த வரிசையிலும் அமர முடியாதவர்கள். எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எம் மகள் இவ்வூரில் பிறந்தவள். மராத்தி நன்கறிவாள், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பாட்டியோடு அமர்ந்து அந்நிகழ்ச்சியைப் பார்த்தே தமிழில் வாதாடக் கற்றாள். சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு முடித்ததும், வணிகவியல் படிக்கட்டும் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். அவளோ இயந்திரவியல் பட்டயப் படிப்பு வேண்டுமென்றாள். பெண்பிள்ளை இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதா என்று சீறினோம். அவள் நிதானமாக, "அப்பா, நீங்க பேசி முடிங்க. அப்புறம் நான் பேசுறேன்" என்றாள். கை ஓங்கும் அளவுக்குச் சினம் வந்தது. எம் தந்தையின் முன் நாம் அவ்வாறு ஒரு வாக்கியமும் சொன்னதில்லை. பாட்டிதான், "அவளும் பேசட்டுமேடா" என்றார். அன்று எடையைக் கேட்ட அதே தாயார். பேசினாள். காலனியைச் சுற்றி இத்தனை மோட்டார்த் தொழிற்சாலைகள் இருக்க, வேலை தேடி எங்கே போவதென்று கேட்டாள். நம்மிடம் விடையில்லை. இப்போது அப்படிப்பில்தான் இருக்கிறாள்.

சங்கத்திற்கு வருவோம். நமது கூட்டங்களில் பேசுவோர் அதே நால்வர். இவ்வாண்டு நம்மையும் சேர்த்து ஐவர். தாய்மார்கள் பின்வரிசையில் அமர்ந்து, பேச்சு முடியுமுன் உணவுப் பந்திக்கு எழுந்துவிடுகிறார்கள். பின்வரிசை வரை செல்லும் கம்பியில்லா ஒலிவாங்கி ஒன்று வாங்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறோம். பாதித் தொகையை நாமே தருவதாகவும் சொல்லியிருக்கிறோம். பொங்கல் கூட்டத்திற்குள் வந்துவிடும் என்கிறார்.