ஆய்வுக்குப் பொருள் தேர்தல்



நம் பிள்ளைகளிற் பலர் இன்று முதுகலைப் பட்டமும் ஆராய்ச்சிப் பட்டமும் நாடுகின்றனர். எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள் என்று வினவினால், "தீண்டாமை", "நம் மக்களின் வரலாறு" என்று விடை வருகிறது. நம் நெஞ்சில் எரியும் பொருள்கள்தாம், ஐயமில்லை. ஆயினும் 20 பக்கக் கட்டுரையில் தீண்டாமை முழுவதையும் எழுதப் புகுந்தவர், பிறர் முன்னரே எழுதியதைச் சுருக்கித் தருவதோடு நின்றுவிடுவார்.

அண்ணல் அம்பேத்கர் என்ன செய்தார்? 1916 மே 9-ஆம் நாள், நியூயார்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், மானிடவியல் அறிஞர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கில் "இந்தியாவில் சாதிகள்" என்னும் கட்டுரையைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 25. தாம் பட்ட துன்பங்களை அதில் அடுக்கவில்லை. செனார், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோர் சாதிக்கு வகுத்த இலக்கணங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் குறைகளைக் காட்டினார். பின், சாதியைச் சாதியாக நிலைநிறுத்துவது எது என்னும் வினாவைப் பற்றிக்கொண்டார். அகமணமே என்பது அவர் கண்ட விடை. அதோடு விட்டாரா? குழுவுக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டுமானால் ஆண், பெண் தொகை ஒத்திருக்க வேண்டும். கணவன் இறந்தால் மனைவி மிகுதி. மனைவி இறந்தால் கணவன் மிகுதி. இம்மிகுதியைச் சரிக்கட்டவே உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகியவை ஏற்பட்டன என்று வாதித்தார். மறு ஆண்டே 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழ் அக்கட்டுரையை வெளியிட்டது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். "நம் மக்களின் நில உரிமை" பற்றி ஓர் இளைஞர் எழுத விழைகிறார் எனக் கொள்வோம். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-இல் பிறந்த ஆணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. பத்தாண்டு வரை விற்கலாகாது. அதன் பின்னும் நம்மவர்க்கே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆகவே நிலம் என்பதைப் பஞ்சமி நிலம் என்றும், மாநிலம் என்பதை ஒரு கிராமம் என்றும் சுருக்குவோம். "அந்நிலம் எந்த ஆண்டில், எவர் கைக்கு, எவ்வகைப் பத்திரத்தால் மாறியது?" என்று கேட்போம். இப்போது கட்டுரைக்குக் கால் முளைத்துவிட்டது.

அது நடந்து செல்ல வேண்டிய இடங்களும் தாமே தெரிகின்றன. பழைய நிலவரித்திட்டப் பதிவேடு, கிராமத்து 'அ' பதிவேடு, அடங்கல், சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று, எழும்பூர் ஆவணக் காப்பகத்து அரசாணைகள். அலுவலகத்தில் கைவிரித்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 1980-களில் நில ஆவணங்கள் புதுப்பிக்கப்பட்டமையால், அதற்கு முன்னுள்ள பதிவேட்டையும் பின்னுள்ளதையும் அருகருகே வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. நம் தெருப் பாட்டிமார்க்குப் புல எண் தெரியாது; மேட்டுக்கொல்லை, ஏரிக்கரை வயல் என்றே சொல்லுவர். அப்பெயரையும் எண்ணையும் பொருத்துவதற்கே ஒரு மாதம் ஆகலாம். ஆகட்டும்.

நம்மவரே கடனுக்காக எழுதிக் கொடுத்த பத்திரம் அகப்பட்டால் என் செய்வது? மறைக்கலாகாது. கடன் எவ்வளவு, யாரிடம் பட்டது, அவ்வாண்டு விளைச்சல் எப்படி என்று தொடர்ந்தால், கட்டுரையின் வலுவான பகுதி அதுவாகவே அமையும்.

"உங்கள் சமூகத்தைப் பற்றி நீங்களே எழுதினால் நடுநிலை இராதே" என்று சில பேராசிரியர்கள் நம் மாணவரிடம் கூறுவதுண்டு. ஊர்க்கோயில் வரலாற்றை அவ்வூர்ப் பெரிய குடும்பத்தார் எழுதும்போது இவ்வையம் எவர்க்கும் எழுவதில்லை! இதற்கு நாம் வாதாட வேண்டுவதில்லை. புல எண்ணையும் பத்திர எண்ணையும் பக்க எண்ணோடு காட்டினால் போதும்.

வினாவை ஒரே தொடரில் எழுதி, எழுத்தறியாத நம் பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்காவிடில் பொருள் இன்னும் தெளியவில்லை, மீண்டும் எழுதுங்கள். "அந்த நிலமா? அது எங்கள் பாட்டன் காலத்தில்..." என்று அவர் தொடங்குவாராயின், குறிப்பேட்டைத் திறந்துகொள்ளலாம்.