இயந்திரமும் நம் கடனும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பேரவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நெசவையே வழிவழி வாழ்வாகக் கொண்ட நம் மரபினர் கூடிய இப்பேரவையில், இயந்திரம் பெருகுங்கால் கூலியாளர் நிலை யாதாகும் என்பதுபற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் தமிழ் கற்பிக்கும் ஆசிரியரேயன்றிப் பொருள்நூல் வல்லாரல்லேம். ஆயினும் எம் வகுப்பில் அமரும் சிறார் பலர் தறிவீட்டுப் பிள்ளைகள். தறி நின்றுபோன வீட்டுப் பிள்ளையின் முகவாட்டம் ஆசிரியனுக்குத் தெரியாமற் போகாது. இப்பொருளைப் பேசுதற்கு எமக்குள்ள உரிமை அவ்வளவே.

நம் தொழிலின் தொன்மையை ஈண்டு விரித்தல் வேண்டா. சிலப்பதிகாரம் புகார் நகரை வருணிக்குங்கால் நெசவாளரைக் 'காருகர்' என்று குறிக்கின்றது. பொருநராற்றுப்படை பாம்பின் உரிபோன்ற நுண்ணிய ஆடையைப் பேசுகின்றது. இவற்றைக் கூறி மகிழும் நாம் புறநானூற்றில் வரும் மற்றொருத்தியைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். அவள் 'பருத்திப் பெண்டு' எனப்படுபவள். பஞ்சை நூலாக்கும் எளிய பெண். இரவிற் சிறு விளக்கொளியில் உழைத்த அப்பெண்ணின் வழியினர் இன்று எங்கே உளர்?

அன்பர்களே! இயந்திரத்தால் முதலிற் கையிழந்தோர் நெசவாளரல்லர், நூற்கும் பெண்டிரே. இங்கிலாந்தில் 1769ஆம் ஆண்டில் ஆர்க்கரைட் என்பார் நீர்விசையால் நூற்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1779இல் கிராம்ப்டன் என்பார் அதனினும் நுண்ணிய நூல் தரும் பொறியை அமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வாலைநூல் நம் நாட்டுச் சந்தைகளில் வந்து குவிந்தது. அது விலை மலிந்தும் இழை ஒத்தும் இருந்தமையின் நம் முன்னோர் அதனை வாங்கிப் பாவோட்டினர். அது குற்றமன்று, வயிற்றுப்பாடு அவ்வாறு செய்வித்தது. ஆனால் ஊர்தோறும் இராட்டையை நம்பியிருந்த கைம்பெண்களும் முதியோரும் என்ன ஆயினர் என்று எவரும் கேட்டிலர். அவர்களுக்குச் சங்கமில்லை; விண்ணப்பம் எழுதுவாருமில்லை. ஆதலின் இயந்திரத்தை நாம் பழிக்குங்கால், அதன் பயனை நாமும் ஒருகால் நுகர்ந்தோம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, இயந்திரம் பிறந்த நாட்டிலேயே நெசவாளர் பட்ட பாட்டைக் காண்போம். விசைத்தறிக்கு எட்மண்ட் கார்ட்ரைட் என்பார் 1785இற் காப்புரிமை பெற்றார். அது செம்மையுற்றுப் பரவுதற்கு முன்னரே கூலி சரியத் தொடங்கிற்று. பருத்தி நெசவாளர்க்குக் குறைந்த அளவுக் கூலியை வரையறுக்குமாறு 1808இற் கொணர்ந்த மசோதாவைப் பார்லிமெண்டு தள்ளிவிட்டது. முறையீடு பயனற்றபின் 1811 முதல் தொழிலாளர் சிலர் இரவிற் கூடிப் பொறிகளை உடைக்கலாயினர். அவரையே லூதிகர் என்று சரித்திரம் வழங்குகின்றது. அரசினர் 1812இல் பொறி உடைப்பாரைத் தூக்கிலிடலாம் என்று சட்டம் செய்தனர். பைரன் என்னும் கவிஞர் பிரபுக்கள் சபையில் தம் முதற் பேச்சாலேயே அதனை எதிர்த்தார், சட்டம் நிற்கவில்லை. 1813 ஜனவரியில் யார்க் நகரில் பதினெழுவர் தூக்கிலிடப்பெற்றனர். 1820ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் ஏறத்தாழ 2,40,000 பேராயிருந்த பருத்திக் கைத்தறியாளர் முப்பதாண்டுகளில் ஐம்பதினாயிரத்துக்கும் கீழாகக் குறைந்தனர். அவர்தம் பேரர் காலத்தில் அந்நாடு செல்வமுற்றது மெய். ஆயினும் பேரன் உண்ணப்போகும் சோறு பாட்டனின் பசியைத் தணிக்குமோ?

"இயந்திரம் ஒரு வேலையை அழித்தால் வேறு பல வேலைகளைப் படைக்கும்" என்று கூறுவார் இன்றும் உளர். அக்கூற்றை யாம் பொய்யென்னோம். அழிந்த வேலை ஒருவனுடையது. பிறந்த வேலை வேறொருவனுடையது. அழிந்தது இவ்வூரில், இவ்வாண்டில். பிறந்தது வேற்றூரில், பத்தாண்டு கழித்து. ஐம்பது வயதில், கண்ணொளி மங்கிக் குழித்தறியில் அமர்ந்து கால் மரத்த ஒருவரைப் பார்த்து, 'கணிப்பொறி கற்றுக்கொள்' என்பது அறிவுரையாகாது, கைகழுவுதலே ஆகும்.

நம் நாட்டுக் கணக்கையும் சிறிது நோக்குவோம். அரசினரின் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி 1995-96இல் இந்நாட்டுக் கைத்தறித் தொழிலாளர் ஏறத்தாழ 65 இலட்சம் பேர். 2009-10இல் 43 இலட்சம். 2019-20இல் 35 இலட்சம். கால் நூற்றாண்டுக்குள் ஏறக்குறையப் பாதி குறைந்தது. எஞ்சியோரிற் பத்தில் எழுவருக்கு மேற்பட்டோர் பெண்டிர். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரு பங்கினர்க்குத் திங்கள் வருவாய் 5,000 ரூபாயினும் குறைவு என்றும் அக்கடைசிக் கணக்கே கூறுகின்றது. சிலவகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இற் சட்டம் பிறந்தது. அதன்கீழ் முதலில் 22 வகைகள் ஒதுக்கப்பெற்றன. பின்னர் 11 ஆகச் சுருங்கின. 1993இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் ஏட்டில் நிற்க, விசைத்தறிச் சேலை கைத்தறி என்னும் பெயரோடு கடையில் விற்கின்றது.

இனி நமக்குள்ளேயே பேசவேண்டிய ஒன்றுண்டு. கைத்தறியை வென்ற விசைத்தறியும் இன்று அச்சத்தில் உளது. பல்லடத்திலும் சோமனூரிலும் நான்கு முதல் எட்டுத் தறிகளை ஒருவர் கவனித்துவந்தார். இப்போது ரேபியர் என்றும் ஏர்ஜெட் என்றும் வழங்கும் நாடா இல்லாத் தறிகள் வருகின்றன. அவை பன்மடங்கு விரைந்து நெய்கின்றன. இழை அறுந்தால் தாமே நிற்கின்றன. அதனால் தறிகள் மிகினும் ஆட்கள் குறைகின்றனர். இத்தறிகளை வாங்குவோர் யார்? நம்மவரிற் பொருள் படைத்தோர். இவற்றால் வேலையிழப்போர் யார்? அவரும் நம்மவரே. ஒரே குலதெய்வத்தின் திருவிழாவில் ஒருவர் தேர்வடம் பிடிக்க வருகின்றார்; மற்றவர் அவ்வாண்டு வரி செலுத்த இயலாமல் வீட்டிலேயே இருந்துவிடுகின்றார். இதனைச் சொல்லாது விடுத்து நம் மரபின் பெருமையை மட்டும் பேசிக் கலைதல் நன்றன்று.

முதலாளிகளை யாம் பழிக்க வரவில்லை. புதிய தறி வாங்காதவர் சந்தையில் தோற்பர். தோற்றால் அவரிடம் உழைப்போரும் வேலையிழப்பர். ஆயின் ஒன்று கேட்கின்றோம். அத்தறி முழுதும் அவர்தம் முதலால் வந்ததோ? புதுப்பொறி வாங்குவார்க்கு உதவும் நிதித்திட்டத்தை 1999இல் மத்திய அரசு தொடங்கிற்று. தமிழ்நாட்டரசு 2023இல் விசைத்தறிக்குரிய இலவச மின்சாரத்தை இரு திங்களுக்கு 750 அலகிலிருந்து 1,000 அலகாக உயர்த்தியது. இப்பொருள் பொதுமக்களுடையது. சீருடைக்கு விலை கொடுக்கும் கூலியாளனும் அப்பொருளுக்கு ஒரு காசு ஈந்தவனே. தன்னை வேலையிலிருந்து நீக்கும் பொறிக்குத் தானே எண்ணெய் வார்த்தவனாகின்றான் அவன். ஆதலின் அப்பொறி ஈட்டும் ஊதியத்தில் அவனுக்கும் ஒரு பங்குண்டு. அதனைப் பிச்சையென்று கொடுத்தலும் பிழை. பிச்சையென்று வாங்கலும் பிழை. அது கடன்.

அக்கடனைத் தீர்க்கும் வழிகளுட் சில கூறி அமைவோம்.

முதலாவது, அரசினர் பொறிக்கு மானியம் நல்குங்கால், அப்பொறியால் வேலை இழப்பார்க்கும் அதனோடு சேர்த்தே ஒரு தொகை ஒதுக்குதல் வேண்டும். கூட்டுறவுச் சங்க நெசவாளர்க்குத் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் உண்டு. தனியாரிடம் கூலிக்கு நெய்வோர்க்கும், தார் சுற்றும் பெண்டிர்க்கும், விசைத்தறித் தொழிலாளர்க்கும் அத்தகைய காப்பு வேண்டும்.

இரண்டாவது, புதுத்தறி நிறுவும் நம் முதலாளிகள், ஆட்களை நீக்குதற்கு ஆறு திங்களேனும் முன்னர் அறிவித்தல் வேண்டும். மிச்சமாகும் கூலியில் ஒரு பகுதியை ஈராண்டுக்கேனும் சங்கநிதியில் இடுதல் வேண்டும். புதுத்தறியை இயக்கப் பழக்குங்கால் பழைய ஆட்களுக்கே முதலிடம் தருதல் வேண்டும்.

மூன்றாவது, நம் சங்கத்தின் வேலை. திருமண மண்டபத்துக்கு நிதி திரட்டத் தெரிந்த நாம், பத்துக் குடும்பத்தார் கூடி ஒரு புதுத்தறியைப் பொதுவில் வாங்குதற்கும் நிதி திரட்டலாம். கோ-ஆப்டெக்சு 1935இல் தோன்றியது; நெசவாளர் கூடினால் வணிகமும் செய்யலாம் என்பதற்கு அது சான்று. பொறி யாருடையது என்பதைப் பொறுத்தே அது பகையாவதும் துணையாவதும் அமையும். உழைப்போர் அதற்கு உடையவராயின், அது மிச்சப்படுத்தும் நேரம் அவர்களுக்கே ஓய்வாகும். மேலும், விசைத்தறித் துணியைக் கைத்தறியென்று விற்பதில்லை என நம்மவர் ஒவ்வொருவரும் உறுதி பூணல் வேண்டும். உண்மைக் கைத்தறியின் நயமறிந்து விலை கொடுப்பார் இன்றும் உளர். அவரை ஏமாற்றுதல் நம் தங்கையரின் தறியை நாமே நிறுத்துதலாகும்.

நான்காவது, கல்வி. தறி நின்ற வீட்டில் முதலில் நிற்பது பெண்குழந்தையின் படிப்பே. அவ்வீடுகளைத் தெருத்தோறும் எழுதிவைத்து, ஒரு பெண்ணும் பள்ளியினின்று நில்லாதவாறு காத்தலைச் சங்கம் இவ்வாண்டே தன் முதற் பணியாகக் கொள்ளுதல் வேண்டும். பெயர்களைத் திரட்டித் தருதல் எம்போன்ற ஆசிரியர் கடமை. அதனை யாம் இன்றே ஏற்கின்றோம்.

பருத்திப் பெண்டிர் மறைந்தபோது கேட்பாரில்லை. இன்று நமக்குச் சங்கமுண்டு, இதழுண்டு, வாக்குரிமையுண்டு. இவையெல்லாம் இருந்தும் தார் சுற்றும் கிழவியொருத்தி நம் தெருவிற் பட்டினி கிடப்பாளாயின், அப்பழி இயந்திரத்தைச் சாராது; நம்மையே சாரும். பெரியோர்கள் இவற்றை ஆராய்ந்து, இப்பேரவை கலையுமுன் ஒரு தீர்மானமேனும் நிறைவேற்றுமாறு வேண்டி அமர்கின்றோம்.

வாழ்க நெசவு! வளர்க நம் சங்கம்!